அடிக்குறிப்பு பதினான்கு

அக்டோபர் வெயில்
லுசாகாவின் தகரக் கூரைகளில் பட்டாணி வறுக்கிறது.
அணைக்கட்டு ஏரியில், அளவுகோலின்படி,
இன்னும் இரண்டு விரற்கடை.
அதற்குக் கீழே உள்ள நீரைத் தொட
சுழலிகளுக்கு உரிமையில்லை.
நகர மின் கழகத்தின் மூன்றாம் மாடியில்
ஆண்டறிக்கையின் பச்சைப் பக்கங்களுக்கு
நான் பொறுப்பு. பெயர் நமுகோலோ.

கட்டம் ஏழு, வரிசை மூன்று:
சென்ற ஆண்டைவிடக் கழகம் விட்ட புகை
நூற்றுக்கு முப்பத்தெட்டுக் குறைவு.
மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பிழையில்லை.
டீசல் வாங்கக் காசில்லை, ஆகவே டீசல் எரியவில்லை.
ஏரியில் நீரில்லை, ஆகவே எதுவும் ஓடவில்லை.
பட்டினியை விரதம் என்று எழுதிக்கொண்டால்
எவ்வளவு புண்ணியம் சேர்கிறது!

தலைவர் சிம்விங்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"இதை அட்டையிலேயே போட்டுவிடலாமே" என்றார்.
அவர் தலைக்கு மேல் மின்விசிறி
அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வருவது ஒரு மணிக்கு.
பகல் ஒன்று அல்ல.
வெல்டர் சிசெங்கா பகலெல்லாம் உறங்கி
நள்ளிரவில் கதவுச் சட்டம் ஒட்டுகிறான்,
சுவர்கள் நீலமாய்க் கண் சிமிட்டுகின்றன.
தலை பின்னும் லுயாண்டோவால்
ஒரு மணி வரை காத்திருக்க முடியாது.
பின்னல் நுனியைக் கொதிநீரில் முக்காவிட்டால்
சாயங்காலத்துக்குள் பிரிந்துவிடுமாம்.
இரும்பு அடுப்பில் கரி அடுக்குகிறாள்,
ஒரு தலைக்கு ஒரு டப்பா.
கூலியில் பத்து குவாச்சா ஏற்றிவிட்டு
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
மின்சாரக்காரி அல்லவா நான்.

ஒரு சனிக்கிழமை, விடியுமுன்,
கிழக்குச் சாலைச் சோதனைச்சாவடி அருகே
மைத்துனனின் காருக்குள் உட்கார்ந்து எண்ணினேன்.
சைக்கிளுக்கு நான்கு, சிலவற்றில் ஆறு,
லாரிகளில் ஆள் உயரத்துக்கு மேலே இன்னொரு ஆள் உயரம்.
சோளமாவு நிறுவனத்தின் பெயர் போட்ட சாக்குகள்,
வாயில் புல்லைத் திணித்துக் கயிறால் தைத்தவை.
முப்பது மழை கண்ட முசாம்பா மரம்
ஒரு வாரம் மண்மேட்டுக்குள் புகைந்து
யாரோ ஒருவரின் ஒரு மாதச் சமையலாகி
உருண்டு போகிறது.
ஐந்து மணியிலிருந்து எட்டு வரை
நானூற்றுப் பன்னிரண்டு சாக்கு.
ஒரே காலை. ஒரே சாலை.

இது எங்கள் புகைபோக்கி வழியாகப் போகவில்லை,
அதனால் எங்கள் புகை இல்லை.
கணக்கீட்டு நெறிமுறையில் இதற்கென்றே
ஒரு சொல் இருக்கிறது: எல்லைக்கு அப்பால்.
எல்லை எங்கே என்று கேட்டேன்.
கரியை எண்ணினால் கழகத்தின் முகத்தில்
கரி பூசியதாகிவிடும் என்றார் துணை மேலாளர்.
நல்ல மனிதர்தான்.
அவர் வீட்டுக் கூரையில் சூரியத் தகடு இருக்கிறது.

அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். எடுத்தார்கள்.
மறுபடி சேர்த்தேன். எடுத்தார்கள்.
மூன்றாம் முறை எழுத்தைப் பொடிசாக்கி
நாணய மாற்று விகிதத்துக்கும்
தணிக்கையாளரின் முகவரிக்கும் நடுவே
படுக்க வைத்தேன்.

ஊழியர் பக்கத்துக்குப் படமெடுக்க வந்த பையன்
என் வெள்ளைச் சட்டையின் கைமுனையில்
கறுப்பாய் ஒரு விரல் தடத்தைக் கண்டுபிடித்தான்.
காலைத் தேநீருக்கு நானும்தானே மூட்டினேன்.
"கவலைப்படாதீங்க மேடம்" என்று
கணினியில் துடைத்துவிட்டான்.
அச்சில் என் கை பால் மாதிரி இருக்கிறது.

அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை,
அதனால்தான் அது தப்பித்தது.
பக்கம் தொண்ணூற்றொன்று, கடைசி வரிக்கு முந்தையது.
எழுத்து மிகச் சிறிது.
வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்துப்
படித்துக்கொள்ளவும்.